மூன்று கந்தோர், மூன்று அந்தோனியார்

பேசாலைக் கிளை முகாமையாளரின் அறையில், பிரின்ரர் தட்டில் கிடந்த கடிதத்தின் முதல் இரண்டு வரியைப் படித்ததுமே றொஷேல் திரும்பிக் கதவைப் பார்த்தாள்.

"மிக இரகசியம். பணிப்பாளர், கொழும்பு. ஐயா, பேசாலைக் கிளை முகாமையாளர் சிங்கராசா கூட்டங்களில் கொட்டாவி விடுவதைத் தவிர வேறு பங்களிப்பு எதுவும் செய்வதில்லை. செவ்வாய்க்கிழமை காலை அரிப்புக்கு ஐஸ் லொறி அனுப்பவேண்டும் என்ற சாதாரண அறிவும் அவருக்கு இல்லை."

கீழே, மன்னார்த் தலைமைக் கந்தோரின் பொது முகாமையாளர் யோகராசாவின் பெயர். மன்னாரில் அடித்த கடிதம், யாரைப் பற்றி அடித்ததோ அவருடைய அறைக்குள்ளேயே வந்து விழுந்திருந்தது. நல்லவேளையாக சிங்கராசா சாப்பாட்டுக்குப் போயிருந்தார். கேபிள் மாற்ற வந்த றொஷேல் கேபிளை மறந்துவிட்டு, கடிதத்தை மடித்து ஹெல்மெற்றுக்குள் செருகிக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறினாள்.

கடலோரக் கூட்டுறவுச் சமாசத்தின் வலையமைப்பு உத்தியோகத்தர் என்று அவளுக்குப் பெயர் பெரிதாக இருந்தது. வேலை மட்டும் ஆறு மாத ஒப்பந்தம். ஆறாறு மாதமாக நீட்டி மூன்று வருசம் ஓட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை நிரந்தர நியமனத்துக்கு நேர்முகம். அதில் தவறினால் கிடைக்கிற வேறு வேலை கொழும்பில்தான். மகளை முதலாம் வகுப்பில் சேர்த்து ஒரு மாதமும் ஆகவில்லை. புருசன் கடலுக்குப் போகிறவன். பிள்ளையை விட்டுவிட்டுக் கொழும்பில் அறை எடுத்து இருப்பதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. நேர்முகத்தில் இருக்கப்போகிறவர்கள் மூன்று பேர்: யோகராசா, சிங்கராசா, அரிப்புக் கிளை முகாமையாளர் கலாராணி.

மன்னார்க் கந்தோருக்குத் திரும்பியபின், பிழை எங்கே என்று கண்டுபிடிக்க அவளுக்கு அரை மணித்தியாலம்தான் பிடித்தது.

கணினிகளுக்குப் பெயர் விளங்காது, எண்தான் விளங்கும். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்வதற்கு ஒவ்வொரு கந்தோரிலும் ஒரு சேர்வர் இருந்தது. டி.என்.எஸ். என்பார்கள். மூன்று சங்கங்களைச் சேர்த்து ஒரு சமாசம் ஆக்கியபோது, மூன்றின் பெயர்ப் பதிவேடுகளும் சேராமல் மூன்று வலயங்களாகவே நின்றுவிட்டன. சமாசமும் அந்த அளவுக்குத்தான் சேர்ந்திருந்தது. ஆகவே ஒரு பெயரைச் சொன்னால் முதலில் எந்த வலயத்தில் தேடுவது, அங்கே இல்லையென்றால் அடுத்து எதில் தேடுவது என்று ஒவ்வொரு கணினிக்கும் ஒரு வரிசை கொடுத்திருந்தார்கள்.

அந்த வரிசையில்தான் நான்கு வருசத்துச் சண்டை ஒன்று உட்கார்ந்திருந்தது. பேசாலைக் கந்தோரில் மன்னார்தான் முதலில் இருக்கவேண்டும் என்று யோகராசா நின்றார். மன்னார்க் கந்தோரில் பேசாலைதான் முதலில் இருக்கவேண்டும் என்று சிங்கராசா நின்றார். தன் கந்தோரில் எது முதலில் இருக்கிறது என்பதைப் பற்றி இரண்டு பேருக்கும் அக்கறையில்லை. அப்போதிருந்த தொழில்நுட்பக்காரர் கெட்டிக்காரர். இரண்டு பேரும் கேட்டபடியே செய்துகொடுத்துவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து பெரியவர்கள் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. முதலில் வாய் திறக்கிறவர் தோற்றவர் என்று ஆகிவிட்டது.

போகிற போக்கில் அந்தக் கெட்டிக்காரர், மூன்று முகாமையாளர்களின் அறைப் பிரின்ரருக்கும் "அந்தோனியார்" என்று ஒரே பெயரை வைத்துவிட்டிருந்தார். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற புனிதர் என்பதால் கந்தோருக்குப் பொருத்தம் என்று நினைத்திருக்கிறார். மன்னாரில் யோகராசா அச்சடிப்பதற்கு "அந்தோனியார்" என்ற பெயரை அமத்தினால் அவருடைய கணினி முதலில் பேசாலை வலயத்தில் தேடி, பேசாலை அந்தோனியாரைக் கண்டுபிடித்து, கடிதத்தை அங்கே கொடுத்துவிடும். சிங்கராசா அமத்தினால் மன்னாரில் வரும்.

"அப்ப நாலு வருசமாவோ?" என்று றொஷேல் தன்பாட்டில் கேட்டாள். அடித்த கடிதம் தன் அறையில் வரவில்லை என்பதை யோகராசா எப்படிக் கவனிக்காமல் இருந்தார்? பெரியவர்களுக்கு அமத்துவதோடு வேலை முடிந்துவிடுகிறது போலும் என்று முடிவுகட்டினாள். யாருக்கும் சொல்லாமல் வெள்ளிக்கிழமைக்கு முன் திருத்திவிட வேண்டும்.

தேநீர் கொண்டுவந்த பியோன் சின்னத்தம்பி எட்டிப் பார்த்தார். கந்தோருக்குத் தேநீர் ஊற்றுவதும் மூன்று கந்தோர்த் தபாலையும் சேர்த்துக் கொண்டுபோய்ப் போடுவதும் அவர்தான்.

"என்ன பிள்ளை, வேர்த்து ஒழுகுது?"

"ஒண்டுமில்லை அண்ணை. பெரியவற்ற பிரின்ரர் லைனில ஒரு சின்னப் பிழை."

"நல்லா ஓடுறதை ஏன் பிள்ளை நோண்டுறீங்கள்?" என்றுவிட்டு அவர் போனார்.

அன்று, திங்கட்கிழமை பின்னேரமே றொஷேல் யோகராசாவின் கணினியில் பேசாலையை வரிசையிலிருந்து வெட்டி, மன்னாரை முதலிலும் அரிப்பை அடுத்ததாகவும் போட்டாள். வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை பேசாலை ஐஸ் தொழிற்சாலையிலிருந்து அரிப்புக்கு ஐஸ் லொறி போகவில்லை. ஏன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. யோகராசா சாரதியைக் கேட்டார், சாரதி கடவுளைக் கேட்டார். பத்து மணிபோல யோகராசா கதவைச் சாத்திக்கொண்டு எதையோ அடித்தார். பத்தேகாலுக்கு றொஷேலின் போன் அடித்தது. கலாராணி.

"றொஷேல், உடன வாரும்."

மன்னார் வலயத்தின் பதிவேட்டில் அந்தோனியார் என்ற பெயரே இல்லை. சனிக்கிழமை பழைய சேர்வரை மாற்றியபோதுதான் அழிந்திருக்கிறது. மன்னாரில் தேடிக் காணாமல் யோகராசாவின் கணினி, சொல்லிக்கொடுத்தபடி, அடுத்த வலயமான அரிப்பில் கேட்டிருக்கிறது. அரிப்பு அந்தோனியார் மறுப்பாரா?

கடற்காற்றுக்கு எதிராக ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது, கலாராணி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் யோகராசாவின் "முதலாம் நினைவூட்டல்."

"வாசியும்," என்றார்.

"மிஸ், இது மெசின் பிழை. இரகசியக் கடிதம்..."

"நான் வாசிக்கிறன், கேளும். 'ஒன்றும் தெரியாத அரிப்புக்காரரிடம் கொடுத்தாலும் ஐஸ் தொழிற்சாலையை சிங்கராசாவை விட நன்றாக நடத்துவார்கள்.' ஒண்டும் தெரியாத ஆக்கள் நாங்களோ?"

"அது உங்களைப் புகழ்ந்த மாதிரியும் எடுக்கலாம், மிஸ்."

கலாராணி அவளைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "வெள்ளிக்கிழமை நானும் இருக்கிறன், என்ன?"

திரும்பி வரும் வழி முழுக்க றொஷேலுக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. இனிச் சில்லறை வேலை சரிவராது, அடியோடு திருத்தவேண்டும் என்று தீர்மானித்தாள். மன்னார் வலயத்தில் அந்தோனியாரைப் புதிதாகப் பதிந்தாள். மற்ற இரண்டு சேர்வர்களும் தங்கள் பதிவேட்டைப் பார்க்காமல் மன்னாரின் பிரதியையே பார்த்துப் பதில் சொல்லும்படி செய்தாள். ஒரே சமாசம், ஒரே பதிவேடு. இனி எதுவும் தொலையாது.

உண்மையிலேயே எதுவும் தொலையவில்லை. புதன்கிழமை காலை எல்லாமே யோகராசாவின் அறையில் வந்து விழுந்தன.

முதலில் அரிப்பிலிருந்து ஒரே அறிவித்தலின் நாற்பது பிரதி: "ஐஸ் வரும்வரை தொழிலுக்குச் செல்வதைத் தவிர்க்கவும். கலாராணி, முகாமையாளர்." அரிப்புக் கடற்கரையில் ஒட்டவேண்டிய நாற்பதும் மன்னாரில் கிடந்தன. விசயம் தெரியாத அரிப்புக்காரர் வழக்கம்போலக் கடலுக்குப் போனார்கள். அன்றைக்கென்று பார்த்து நல்ல மீன்பாடு.

அடுத்ததாகப் பேசாலையிலிருந்து ஒற்றைத் தாள் ஒன்று மெதுவாக வெளியே வந்தது. "மிக இரகசியம். பணிப்பாளர், கொழும்பு. ஐயா, யோகராசாவுக்கு இப்போது எழுதக்கூடச் சோம்பல் பிடித்துவிட்டது..."

பிரின்ரரைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று பக்கத்திலேயே காவல் நின்ற றொஷேல் அதைப் பாய்ந்து எடுத்தாள்.

"அதென்ன வந்தது?" யோகராசா கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"சோதனைத் தாள், சேர்."

"இஞ்ச தாரும்."

"ஒண்டுமில்லை சேர், வெறும் சோதனைத் தாள்."

"சோதனைத் தாளெண்டாலும் வாசிக்கலாம்தானே?"

றொஷேல் தாளை நாலாக மடித்து, நாப்கின் மாதிரிக் கையைத் துடைத்து, குப்பைக் கூடைக்குள் போட்டாள். யோகராசா அந்தக் கூடையைப் பார்த்த பார்வை அவளுக்கு விளங்கவில்லை. பிறகு நினைவு வந்து, கூடையையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

வியாழக்கிழமை அவள் புத்தகத்தில் உள்ளபடி வேலை செய்தாள். மூன்று வலயங்களையும் பிரித்தாள். எந்தப் பெயர் எந்த வலயத்துக்குச் சொந்தமோ அந்த வலயமே அதற்குப் பொறுப்பு என்று எழுதினாள். வெறும் சுருக்கப் பெயரால் கூப்பிடுவதை நிறுத்தி, ஒவ்வொரு முகாமையாளரின் கணினியிலும் வலயத்தோடு சேர்ந்த முழுப்பெயரைப் போட்டாள்: மன்னார் அந்தோனியார், பேசாலை அந்தோனியார், அரிப்பு அந்தோனியார். சேர்வர்கள் பழைய பதில்களை ஒரு நாளைக்கு ஞாபகம் வைத்திருக்கும். அந்த ஞாபகத்தையும் துடைத்தாள். பேசாலைக்கும் அரிப்புக்கும் போன் எடுத்துச் சோதித்தாள். அவரவர் கடிதம் அவரவர் அறையில் வந்தது.

யோகராசா "இரண்டாம் நினைவூட்டல்" அடித்து அமத்தினார். அவருடைய மேசைக்குப் பக்கத்தில் நான்கு வருசமாக அவர் அடித்த ஒன்றையும் அச்சடித்திராத பிரின்ரர், கடிதத்தை அவருடைய கையிலேயே கொடுத்தது.

"இதேன் இஞ்ச வந்தது?"

"இனி எப்பவும் இஞ்சதான் வரும், சேர்," என்றாள் றொஷேல் பெருமையோடு.

யோகராசா கதிரையில் சாய்ந்தார். சந்தோசத்தில் சாய்ந்துவிட்டார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பேசாலையில் சிங்கராசாவும் அப்படித்தான் சாய்ந்துவிட்டதாக அங்குள்ள லிகிதர் போனில் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை கந்தோர் வாசலில் ஒரு சிறு லொறி நின்றது. அரிப்பு மீனவர்கள் ஐஸ் காணாத மீனைப் பெட்டி பெட்டியாக இறக்கிப் படியில் அடுக்கியிருந்தார்கள். தெருவில் திரிந்த கழுதைகள்கூட மற்றக் கரைக்கு மாறி நின்றன. மூக்கைப் பொத்திக்கொண்டு நேர்முகம் தொடங்கியது. யோகராசா யன்னலைப் பார்த்துக்கொண்டும் சிங்கராசா அலுமாரியைப் பார்த்துக்கொண்டும் இருக்க, நடுவில் கலாராணி இருந்தார்.

"இந்தக் கிழமை நீர் என்ன செய்தனீர்?" என்று கேட்டார் யோகராசா, யன்னலிடம்.

றொஷேல் எல்லாவற்றையும் சொன்னாள். கடிதங்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. வலயங்களைப் பற்றி, வரிசையைப் பற்றி, பொறுப்பைப் பற்றிச் சொன்னாள். "இனி மன்னாரில அமத்தினது பேசாலைக்குப் போகாது சேர். பேசாலையில அமத்தினதும் இஞ்ச வராது. ஒருநாளும் வராது."

"ஒருநாளுமோ?" என்றார் சிங்கராசா அலுமாரியிடம். ஒரு கணம் யன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஒருநாளும், சேர்."

அவளை வெளியே இருக்கச் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் மன்னார் அந்தோனியார் ஓடுகிற சத்தம் கேட்டது. முடிவுக் கடிதம், பிழையில்லாமல் சரியான அறையில் அச்சாகி, மூன்று கையெழுத்தோடு அவள் கைக்கு வந்தது. சமாசத்தின் வரலாற்றில் யோகராசாவும் சிங்கராசாவும் ஒரே தாளில் ஒரே கருத்துக்குக் கையெழுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

"சமாசத்தின் தொடர்பாடலை முற்றாகச் சீர்குலைத்தமையால் நிரந்தர நியமனத்துக்குச் சிபாரிசு செய்யப்படவில்லை."

றொஷேல் மீன் பெட்டிகளுக்கு நடுவே படியில் குந்தி அழுதாள். மகளின் வெள்ளைச் சீருடை கண்ணுக்குள் வந்து வந்து போனது. சின்னத்தம்பி தேநீர்க் கோப்பையோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"சீர்குலைச்சதாம் அண்ணை!" அவள் கடிதத்தை அவரிடம் நீட்டினாள். "பேசாலை ஆளைப் பற்றிக் கொழும்புக்கு எழுதின இரகசியக் கடிதம் பேசாலை ஆளின்ர அறையிலயே போய் விழுந்துகொண்டிருந்தது. நானெல்லோ அதைத் திருத்தி ரெண்டு பேற்ற மானத்தையும் காப்பாத்தினனான்!"

சின்னத்தம்பி கடிதத்தை வாங்கவில்லை. தேநீரை அவள் கையில் கொடுத்தார்.

"நாலு வருசமா மூண்டு கந்தோர்த் தபாலும் கொண்டுபோறவன் நான், பிள்ளை, கொழும்புக்கெண்டு அந்த ரெண்டு பேரும் எழுதின ஒரு கடிதத்துக்கும் ஒருநாளும் முத்திரை ஒட்டினதில்லை, அதெல்லாம் இவர் அவருக்கும் அவர் இவருக்கும் எழுதினது."