ராணி பிங்க்கில் நெசவு நெருப்பு

இணையத்தில் சண்டை போடுகிறவர்கள் யாருக்கும் தொப்பை கிடையாது. முதலாளி கிடையாது, கொத்தமல்லி வாங்கி வரச் சொல்லும் மனைவி கிடையாது. எல்லோரும் ஆறடி உயரம், எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி. நானும் அப்படித்தான் இருந்தேன், ஒரு புதன்கிழமை மதியம் வரைக்கும்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் எனக்கு. பகலில் காதர் பாய் பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். மற்ற நேரத்தில் 'நெசவு நெருப்பு' என்ற பெயரில் ராப் பாடகன். (பட்டுக்குப் பக்கத்தில் நெருப்பு எதற்கு என்று என் மனைவி கோமதி கேட்டாள். கலை புரியாதவள் என்று விட்டுவிட்டேன்.) பாட்டில் நான் தறியிலேயே பிறந்தவன். உண்மையில் பிறந்தது அரசு ஆஸ்பத்திரியில். அப்பா இன்றைக்கும் நெய்கிறார். நான் தறியில் உட்கார்ந்தால் நூல் அறுந்து போகிறது என்று அவரே எழுப்பி அனுப்பிவிட்டார். இதெல்லாம் பாட்டு கேட்கிறவர்களுக்கு எதற்கு?

எனக்கு ஒரு ஏக்கம் இருந்தது. தமிழ் ராப் என்றால் எல்லோரும் சென்னையைத்தான் சொல்வார்கள். மேடை அங்கே, ஸ்டூடியோ அங்கே, பேட்டி எடுக்கிறவர்களும் அங்கே. பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில் இருக்கும் எங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த வலி மட்டும் நிஜம். அதை வைத்து ஒரு பாட்டு எழுதி, ஏனாத்தூர் காலேஜ் பையன் ஒருவனைக் கெஞ்சி இசை போடவைத்து வெளியிட்டேன்.

சென்னையில் 'சவுண்ட் சுனாமி' என்று ஒரு பாடகர். அவர் லைவில் என் பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "காஞ்சிபுரமா? இட்லி ஓகே, பொடவ ஓகே. ராப்பு எதுக்குபா? பொடவ விக்கிறவன்லாம் மைக்க புடிச்சா நாங்க எங்க போறது?"

நான் புடவைக்கடையில் இருப்பது தெரிந்து அவர் சொல்லவில்லை. ஆனால் நேராக என் மண்டையில் வந்து விழுந்தது. உடனே பதில் போட்டேன்: "பொடவைய நான் கையால கூடத் தொட்டதில்ல. தைரியம் இருந்தா காஞ்சிபுரத்துல கால் வச்சிப் பாரு!" (இதை டைப் அடிக்கும்போது பாதி மடித்த மாம்பழ மஞ்சள் புடவை ஒன்று என் மடியில் கிடந்தது.)

"உங்க ஊர்ல எனக்கு இன்னா வேல? செத்தாலும் வரமாட்டேன்" என்று அவர் எழுதினார். இரண்டு பக்கமும் கூட்டம் சேர்ந்தது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் 'விடாதே தலைவா' என்றார்கள். என் பாட்டுக்குச் சேராத கூட்டம் என் வசவுக்குச் சேர்ந்தது. எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

"அவரை நேர்ல பார்த்தா இப்படிப் பேசுவீங்களா?" என்றாள் கோமதி.

"நேர்ல பார்த்தா அவன் பேசமாட்டான்" என்றேன். ஒரு சிங்கம் அப்படித்தானே சொல்லும்?

சபதம் போட்ட அவசரத்தில் இரண்டு பேருமே ஒன்றை மறந்துவிட்டோம். வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால், செத்தாலும் வரமாட்டேன் என்றவர்களும் முகூர்த்தப் புடவை எடுக்க எங்கள் ஊருக்கு வந்துதான் ஆக வேண்டும்.

அந்தப் புதன்கிழமை மதியம் ஓர் அம்மா கடைக்குள் வந்தார். பின்னால் அவருடைய கைப்பை, தண்ணீர் பாட்டில், குடை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு மகன். "சீனு, செருப்ப ஓரமா வுட்டுட்டு வா" என்ற குரல் கேட்டு நிமிர்ந்தேன். சவுண்ட் சுனாமி! லைவில் போடும் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்க்கப் பாவமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார்.

நான் கையால் தொட்டதே இல்லாத புடவைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டேன். எதுவும் அந்த அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் ராணி பிங்க் ஒன்றில் கண் நின்றது.

"இத கொஞ்சம் தோள்ல போட்டுக் காட்டுபா. எம் பொண்ணுக்கு லீவு கெடைக்கல, போட்டோ அனுப்பணும். அவளும் உன் நெறம்தான்."

எத்தனையோ புடவைகளைத் தோளில் போட்டுக் காட்டியிருக்கிறேன். எங்கள் தொழிலில் அது சட்டை மாட்டுவது மாதிரி. வெட்கம் வந்ததே இல்லை. அன்றைக்குக் கை எழவில்லை.

"பாய், முருகேசனைக் கூப்பிடட்டுமா?" என்றேன். கடையின் இன்னொரு சேல்ஸ்மேன் அவன்.

"அவன் சாப்புடப் போய்க்கிறான். நீ போடுப்பா, அம்மா காத்துக்கினு இருக்காங்க இல்ல?" என்றார் காதர் பாய், கல்லாவிலிருந்து.

போட்டேன். கொசுவம் வைத்து இடுப்பில் செருகி, ஜரிகை முந்தானையைத் தோளில் விரித்து நின்றேன். சுனாமி போனை எடுத்தார். போச்சு, இன்றோடு நெசவு நெருப்பு அணைந்தது என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் படம் ஒன்று போதும், அவருடைய கூட்டம் என்னை வருடக்கணக்கில் ஓட்டும்.

எடுத்த படத்தை அம்மா வாங்கிப் பார்த்தார். "இன்னாடா, கழுத்தோட வெட்டிட்ட? மொகமும் தெரியட்டும்டா. அப்பதான நெறத்துக்கு ஒத்துக்கிதான்னு தெரியும்?"

சுனாமி என்னைப் பார்த்தார். என் முகத்தை அவர் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

"கொஞ்சம் சிரிபா, கல்யாணப் பொடவ" என்றார் அம்மா. சிரித்தேன். முகத்தோடு ஒரு படம் விழுந்தது.

அம்மா பில் போடப் போனதும், குவிந்து கிடந்த புடவைகளுக்கு நடுவில் நாங்கள் இருவர் மட்டும்.

"கால் வச்சிட்டேன்" என்றார் மெதுவாக.

"பார்த்தேன். காபி சொல்லட்டுமா சார்?" என்றேன். பழக்கதோஷம்.

அவர் சிரித்துவிட்டார். "உங்க பாட்டுல ரெண்டாவது சரணம் நல்லா இருந்துச்சு. அன்னிக்கே சொல்லணும்னு தோணிச்சு. அத்தினி பேர் பார்த்துக்கினு இருக்கறப்போ எப்படிச் சொல்றது?"

நானும் அப்படித்தானே இருந்தேன்? அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதற்காகத்தானே, சோறு போடுகிற புடவையைத் தொட்டதே இல்லை என்றேன்? சென்னைக்காரர்கள் என் ஊரை மதிக்கவில்லை என்று பொங்கியவன், ஊரின் பெயரைச் சொல்லும் பொருளை முதல் ஆளாகக் கைகழுவியிருக்கிறேன். "நான் இங்கதான் வேலை செய்றேன். பொடவையத் தொட்டதில்லன்னு எழுதினது பொய்" என்றேன். "தெரியுது" என்றார், என் தோளைப் பார்த்து. முந்தானையை நான் இன்னும் எடுக்கவில்லை.

அதன் பிறகு தினமும் போனைத் திறந்ததும் முதலில் அந்தப் படத்தைத்தான் தேடினேன். படம் எங்குமே வரவில்லை. தாங்க முடியாமல் நானே சுனாமிக்கு எழுதிக் கேட்டேன். "எங்க ஃபேமிலி குரூப்ல மட்டும்தான் கீது. அக்கா அதே பொடவதான் ஓகே பண்ணாங்க" என்று பதில் வந்தது. படத்தை அனுப்பச் சொல்லி வாங்கி, அடுத்த பாட்டுக்கு அதையே முகப்பில் வைத்தேன். சுனாமி அதைப் பகிர்ந்து, "எங்க அக்கா கல்யாணப் பொடவைய எடுத்துக் குடுத்தவர். அசல் காஞ்சிபுரம்" என்று எழுதினார்.

ஒரு வழியாகச் சென்னை எங்கள் ஊரைத் திரும்பிப் பார்த்தது. பாட்டுக்கு வந்த கமெண்டுகளில் முக்கால்வாசி, "புடவை என்ன விலை?" (காதர் பாய் அன்றிலிருந்து ராப் ரசிகர்.)

இப்போதும் யாராவது எங்கள் ஊரை ஏதாவது சொன்னால் ரத்தம் கொதிக்கிறது. கட்டை விரல்கள் தானாக ஓடுகின்றன. கடையில் நடந்ததை எல்லாம் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட கோமதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். தோளில் கிடக்கும் துண்டை முந்தானை மாதிரி விரித்துக்கொண்டு, "மொகமும் தெரியட்டும்" என்கிறாள். எழுதியதில் பாதியை அழித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.