கடையடைப்பு நாளில் ஒரு பிளாஸ்க் காபி

கடையடைப்பு வெற்றி பெற்றால் எனக்கு நல்லது என்று நான் மனப்பூர்வமாக நம்பியிருந்தேன். இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை அதற்கு முன்னும் நம்பியதில்லை, பின்னும் நம்பியதில்லை. (பின்னால் ஒரு கடலை எண்ணெய் வியாபாரத்தை நம்பினேன். அதை இதோடு சேர்க்கக்கூடாது. அதில் பங்குதாரர் என்று இன்னொரு முட்டாளும் இருந்தான்.)

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, மீசை மட்டும் ஆகியிருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் என் தாய்மாமா கோவிந்தசாமியின் பாத்திரக்கடையில் வேலை. அகில இந்திய அளவில் இருந்த ஒரு வியாபாரிகள் சங்கத்துக்கு எங்கள் பக்கத்திலும் ஒரு கிளை உண்டு. கடலூர், சிதம்பரம், பண்ருட்டி மூன்றும் அதில் அடக்கம். மாமா அதன் தலைவர். தலைமையிடம் பம்பாய் என்பதால் அங்கிருந்து வருகிற காகிதமெல்லாம் இங்கிலீஷில் இருக்கும். பி.ஏ.யில் ஒரே ஒரு பேப்பரை மட்டும் பாக்கி வைத்திருந்த நான், அந்த ஒரே தகுதியில் கிளையின் இணைச் செயலாளர் ஆனேன். (முழுச் செயலாளர் ஒருவரும் இருந்தார். முந்திரி வியாபாரி. கூட்டம் என்று சொல்லியனுப்பினால் உடனே அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.)

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கிளை என்ன கிழித்தது என்று பம்பாய்க்குத் தெரிவிக்கவேண்டும். அந்தக் காலாண்டில் நாங்கள் கிழித்தவற்றைச் சொல்கிறேன். பலாப்பழ சீசனுக்குக் கூட்ஸ் வண்டிப் பெட்டிகள் போதவில்லை என்று கலெக்டரிடம் மனுக் கொடுத்தோம். ரயில் தன் கையில் இல்லை என்று அவர் மரியாதையாகச் சொல்லியனுப்பினார். புதிதாக வந்திருந்த கிலோ எடைக்கற்களைப் பற்றி உறுப்பினர்களுக்கு வகுப்பு நடத்தினோம். பாதிப் பேர் தூங்கினார்கள், விழித்திருந்தவர்கள் "அப்ப வீசை என்னா செத்தா பூடுச்சி?" என்று சண்டைக்கு வந்தார்கள். குடும்பத்தோடு வேனில் வடலூர் போய்வந்தோம். ஒருவர்கூட விடாமல் எல்லோரும் வந்த ஒரே நிகழ்ச்சி அதுதான்.

இரண்டு காரியங்கள் மிச்சம் இருந்தன. வரி அதிகாரிகள் நினைத்த நேரத்தில் கடைக்குள் புகுந்து சோதனை போடலாம் என்று ஒரு புது விதி வந்திருந்தது. அதை எதிர்த்து நாடு முழுவதும் ஒருநாள் கடையடைப்பு என்று பம்பாயில் முடிவாகியிருந்தது. அது ஒன்று. சங்கத்தின் துணைத் தலைவரான சேட் ஒருவர் தென்னாட்டுக் கிளைகளைப் பார்க்க வருகிறார், எங்கள் குறைகளைக் கேட்டுக்கொண்டு போய் டில்லியில் பேசுவார், அவருக்குச் சிதம்பரத்தில் கூட்டமும் விருந்தும் வைக்கவேண்டும். இது இன்னொன்று.

சேட்டின் பயணத்தில் ஒரே ஒரு தேதிதான் காலியாக இருந்தது. அது கடையடைப்புத் தேதி. மற்ற ஊர்க்காரர்கள் எல்லோரும் அந்தத் தேதியை ஏன் சீண்டாமல் விட்டுவைத்தார்கள் என்று யோசிக்கிற மூளை எனக்கு அப்போது முளைத்திருக்கவில்லை.

"மாமா, ரெண்டையும் ஒரே நாள்ல வச்சிடலாம். சேட்டு ரயிலவுட்டு எறங்குனதும், ஊரே மூடிக் கெடக்கறத அவுரு கண்ணால பாக்கட்டும்" என்றேன்.

மாமா கொஞ்ச நேரம் என் மீசையையே பார்த்தார்.

"யோசன நல்லாத்தான் இருக்குது. நீ சொல்றதுதான் பயமா இருக்குது. இதப் பாருடா, சிதம்பரத்துல தனியா கடை வச்சிக் குடுன்னு நச்சரிச்சிக்கிட்டே இருக்கியே, இந்த ஒரு நாள ஒழுங்கா நடத்திக் காட்டு. கீழவீதியில ஒனக்குக் கடை. கோட்ட வுட்டியோ, ஆயுசுக்கும் எங்கிட்டயே குண்டான் தொடச்சிக்கிட்டுக் கெட."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கத்திலும் கீழவீதிதான். வாசலில் என் பெயர் எழுதிய பலகை, உள்ளே அடுக்கடுக்காக எவர்சில்வர், கல்லாவில் நான்.

முதல் வேலையாகச் சிதம்பரம் தெற்கு வீதியில் இருந்த சுந்தரமையர் ஓட்டலுக்கு ஆள் அனுப்பி, சங்க விருந்துக்கு இலைச் சாப்பாடு சொல்லிவிட்டேன். அதோடு அதை மறந்தும் விட்டேன். பிறகு என் கூட்டாளி சலீமைக் கூட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன். சலீம் பரங்கிப்பேட்டைக்காரன், ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளை. நான் உணர்ச்சிவசப்பட்டுப் பேசும்போதெல்லாம் பின்னால் நின்று கொட்டாவி விடுவது அவன் வேலை.

மளிகை, ஜவுளி, மருந்து எல்லாம் ஒப்புக்கொண்டன. எனக்குப் போதவில்லை. பூக்காரர்களை மடக்கினேன். காய்கறி மார்க்கெட்டை மடக்கினேன். ஜட்கா வண்டிக்காரர்களிடம் போய், "குதிரைக்கும் ஒரு நாளு ரெஸ்ட்டு வேணாமா?" என்று கேட்டேன்.

"மச்சான், ஜாஸ்தியா போறே. கடைசியில காக்காயக்கூடப் பறக்கக் கூடாதுன்னுடுவ போலிருக்குதே" என்றான் சலீம்.

கடைசியாக ஐயர் ஓட்டல். வாசலில் நின்றபடியே ஆரம்பித்தேன்.

"ஓட்டலைக்கூடவா மூடணுங்கறேள்?" என்றார் ஐயர்.

"ஓட்டலும் வியாபாரம்தான ஐயரே?"

"அதுக்குச் சொல்லலே. அன்னிக்குப் பெரிய சாப்பாட்டு ஆர்டர் ஒண்ணு ஒத்துண்டிருக்கேன். அதான்..."

"எவன் ஆர்டரா இருந்தா என்னா? நாட்டுல இருக்கற வியாபாரியெல்லாம் ஒண்ணா நிக்கறப்ப, ஒருத்தனுக்கு இலைபோடறதா பெரிசு? அவன் வேற எங்கனா போயிச் சாப்புடட்டும்!"

ஐயர் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். "சரி, சொல்றது நீங்களாச்சே" என்று உள்ளே போய்விட்டார். என் பேச்சில் அவர் மயங்கிவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த நாளும் வந்தது. பின்பக்கக் கதவு வழியாக யாராவது வியாபாரம் பண்ணினால் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று பண்ருட்டியிலிருந்து தொண்டர் படை ஒன்றை வரவழைத்திருந்தேன். என்னை அவர்களுக்குத் தெரியாது. சலீம்தான் அவர்களிடம் பேசினான். முந்திரி மூட்டை தூக்கித் தூக்கி வளர்ந்த உடம்புகள். தலைவன் பெயர் கோதண்டம். அவன் கையை நீட்டினால் அதில் துணி காயப்போடலாம்.

சிதம்பரம் மூடியிருந்தது. நான்கு வீதியிலும் ஒரு பலகை விலகியில்லை. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். சேட் இறங்கினார். வெள்ளைக் குல்லாய், வெள்ளை வேட்டி, ரொம்ப சாந்தமான முகம்.

"மாலை எங்கடா?" என்று மாமா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"பூக்கடை மூடியிருக்குது மாமா" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"வண்டி?"

"ஜட்காவும் இல்ல மாமா!"

மாமா வெறுங்கையால் கும்பிட்டு வரவேற்றார். கூட்டம் நடக்கவிருந்த கல்யாண சத்திரத்துக்கு எல்லோரும் நடந்தே போனோம். சேட் வழியெல்லாம் மூடிய கடைகளைப் பார்த்துப் பார்த்து "வெரி குட், வெரி குட்" என்றார். ஒவ்வொரு வெரி குட்டுக்கும் கீழவீதிக் கடையில் எனக்கு ஒரு அலமாரி கூடிக்கொண்டே போனது.

சத்திரத்து வாசலில் மாமா என் காதருகில் வந்தார். "ஐயர் ஓட்டல்ல சாப்பாடு சொன்னியே, எப்பக் கொண்டாரான்?"

அந்தப் பெரிய ஆர்டர் யாருடையது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இதோ வந்துடும் மாமா" என்று என் வாய் சொன்னது. வாய்க்கும் எனக்கும் அந்த நேரத்தில் பேச்சுவார்த்தை இல்லை.

சேட் மேடையேற, வரவேற்புரை ஆரம்பமானதும் நழுவினேன். தெற்கு வீதியில் நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துச் சலீம் பின்னாலேயே வந்தான்.

"ஓடாத மச்சான்! செயலாளரே ஓடுனா, தடியடி நடக்குதுன்னு ஜனம் நெனச்சுக்கும்!"

"சேட்டுக்குச் சோறு இல்லடா!"

விஷயத்தைச் சொன்னேன். சலீம் அங்கேயே ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். அவனை அப்படியே விட்டுவிட்டு ஐயர் ஓட்டலின் பின்பக்கம் போய்க் கதவைத் தட்டினேன். ஐயரின் வீடும் அதுவேதான். அவரே திறந்தார்.

"ஐயரே, அந்த ஆர்டரு..."

"ஒங்களுதுதான். தெரியுமே."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"எவன் ஆர்டரா இருந்தா என்னன்னு கேட்டேளே, நான் என்ன பதில் சொல்ல?"

"இப்ப ஒரு ரசஞ்சோறாவது..."

"காய்க்கு மார்க்கெட்டுப் போகணும். மார்க்கெட்டை மூடினது நீங்க. இலைக்கு எங்கே போக? அதையும் நீங்க மூடிட்டேள். அதுவுமில்லாம, ஓட்டலைத் திறந்தா பண்ருட்டிக்காரா வந்து அடிப்பான்னு சொல்றா. அவாளை அனுப்பினதும் நீங்கதானாமே?"

என் கண்ணில் தண்ணீர் முட்டியது. (வெயில் என்று பிற்காலத்தில் சொல்லிக்கொண்டேன்.) உள்ளேயிருந்து ஐயர் வீட்டு மாமியின் குரல் வந்தது. "பாவம், அந்தப் பிள்ளையைப் போட்டு வறுக்காதேங்கோ. ஆத்துக்குன்னு வாங்கின பால் இருக்கு. காபி போட்டுத் தரேன். அது வியாபாரத்துல சேராது."

கொஞ்ச நேரத்தில் ஒரு பிளாஸ்க் நிறையக் காபி என் கைக்கு வந்தது. சேட்டின் பசிக்குக் காபியால் அணை போட்டுவிட்டு, சாயங்காலம்வரை எப்படியாவது பேச்சிலேயே ஓட்டிவிடலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டு கதவைத் தாண்டி வெளியே கால் வைத்தேன்.

"பிடிடா அவன!"

கோதண்டம். என் இரண்டு கைகளும் காணாமல் போயின. பிளாஸ்க் எப்படியோ என் கக்கத்தில் சிக்கியிருந்தது.

"அண்ணே, நான் செயலாளருண்ணே!"

"அப்ப நான் கவர்னரு. நட."

"இது காசு குடுத்து வாங்குனது இல்லண்ணே, சும்மா குடுத்தாங்க!"

"ஓட்டல் பின்னால நின்னா சும்மா காபி குடுப்பாங்களாமேடா! நாங்களும் காலையிலேருந்து நிக்கறோம், எங்களுக்கு ஒருத்தன் குடுக்கல!"

அப்படியே தூக்கிக்கொண்டு சத்திரத்துக்குள் நுழைந்து, மேடைக்கு எதிரில் என்னை நிறுத்தினார்கள். "தலைவரே! ஊரே மூடிக் கெடக்கறப்ப திருட்டுத்தனமா காபி வாங்குனான் இவன்!" கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. மாமாவைப் பார்த்தேன். மாமா சத்திரத்துக் கூரையில் எத்தனை விட்டம் என்று அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சேட் ஒன்றும் புரியாமல் இங்கிலீஷில் விவரம் கேட்டார். மேடையில் ஒருவருக்கும் இங்கிலீஷ் வராது. கூட்டத்தில் இங்கிலீஷ் தெரிந்தவன் என்று ஒருவன்தான் இருந்தான். அவனைப் பண்ருட்டிக்காரர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீயே சொல்லித் தொலைடா" என்றார் மாமா, விட்டத்தைப் பார்த்தபடியே.

ஸ்டேஷனிலிருந்து இங்கிலீஷில் பேச்சுக் கொடுத்துக்கொண்டு வந்ததால், சேட்டுக்கு என்னை மொழிபெயர்ப்பாளன் என்றுதான் தெரியும். ஆகவே கோதண்டத்தின் பிடியில் தொங்கியபடி மொழிபெயர்த்தேன். ஒருவன் கடையடைப்பை மீறிக் காபி வாங்கியதாக இவர்கள் சொல்கிறார்கள் என்றேன்.

யார் அவன் என்று கேட்டார்.

இணைச் செயலாளர் என்றேன்.

எந்தக் கிளைக்கு?

இந்தக் கிளைக்குத்தான்.

வெட்கக்கேடு, அவனை உடனே என் முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்றார்.

நிறுத்தியாகிவிட்டது, அவன்தான் பேசிக்கொண்டிருக்கிறான் என்றேன்.

சேட் என்னைப் பார்த்தார். என் இரண்டு பக்கமும் பார்த்தார். கக்கத்தில் இருந்த பிளாஸ்கைப் பார்த்தார். அது யாருக்கு என்று கேட்டார். தங்களுக்குத்தான் என்றேன். தனக்குக் காபிப் பழக்கமே இல்லை என்றார்.

இதற்குள் சலீம் ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். எனக்குச் சாட்சி சொல்ல என்று அழைத்துவந்தானாம். ஐயர் மேடைக்கு முன்னால் வந்து கைகூப்பி, நிதானமாகச் சொன்னார்: "தம்பி மேல தப்பில்லே. சாப்பாடு சொன்னதும் இவர்தான், மூடச் சொன்னதும் இவர்தான். வந்து கதவைத் தட்டினதும் இவர்தான். எல்லாத்தையும் ஒருத்தரே செய்யறார், பாவம்."

சிரிப்பில் சத்திரம் அதிர்ந்தது. என்னைப் பிடித்திருந்த கோதண்டம் குலுங்கிய குலுங்கலில் நானும் குலுங்கினேன். சேட் அர்த்தம் கேட்டார். அதையும் நான்தான் மொழிபெயர்க்கவேண்டியிருந்தது. காபி வீணாகக்கூடாது என்று கோதண்டமே அதை நின்ற இடத்தில் குடித்து முடித்து, "சூடு ஆறிப்போச்சு" என்று என்னிடம் குறையும் சொன்னான்.

விருந்து இல்லை என்று தெரிந்ததும் உறுப்பினர்கள் கலைந்துவிட்டார்கள். சாயங்கால வண்டிக்குச் சேட்டை ஏற்றிவிட நானும் மாமாவும் சலீமும்தான் போனோம். மாமா எனக்கு நாலடி முன்னால் நடந்தார். கீழவீதிக் கடையின் பலகையில் என் பெயர் மங்கிக்கொண்டே வந்தது. பெட்டிக்குள் உட்கார்ந்த சேட், பித்தளை அடுக்கு ஒன்றைத் திறந்து, ஜன்னல் வழியாக எங்கள் மூவருக்கும் பூரியும் மாங்காய் ஊறுகாயும் எடுத்துக் கொடுத்தார். ஊரே மூடியிருக்கும் என்று நீங்கள்தானே தெரிவித்தீர்கள், அதனால் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்தேன், நீங்கள்தான் பாவம் என்றார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத நாங்கள் பிளாட்பாரத்தில் நின்று தின்றோம். விருந்தாளி எங்களுக்குப் பரிமாறினார். வண்டி நகர்ந்தபோது கையை ஆட்டி, "வெரி குட் கடையடைப்பு" என்று மாமாவைப் பாராட்டிவிட்டுப் போனார்.

மாமா கடைசிப் பூரியை மென்று முடித்தார்.

"மூடறதுல ஒன்ன அடிச்சிக்க ஆளில்லடா" என்றார். "தொறக்கறதுக்கு இன்னுங் கொஞ்ச நாளாவட்டும்."

அந்தக் கொஞ்ச நாள் என் கல்யாணம்வரைக்கும் நீண்டது. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், பந்திக்கு முன்னால் யாராவது ஒருவர் சமையற்கட்டைப் பார்த்துக் கத்துவார்கள்: "செயலாளரு இந்தப் பக்கம் வந்தாரா? வந்திருந்தா எலை போடாதீங்க!" என் மாமனார் வீட்டாரும் இப்போது சேர்ந்துகொண்டார்கள். சலீம் பேரனுக்குக்கூட இந்தக் கதை தெரியும், அதுவும் நான் அழுத இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பான்.

அன்று சிதம்பரத்தில் எல்லாக் கடைகளும் மூடியிருந்தன. வரி விதி மாறவில்லை. சேட் காலையிலேயே வண்டியில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்கியிருந்தார்.