நாற்பதடி ஜிப்

ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் விளக்கு எரிய வேண்டும் என்று ஆசைப்படுவது சட்டப்படி குற்றமில்லை. படிவம் எழுதிக் கொடுக்காமல் ஆசைப்படுவதுதான் குற்றம். நம்முடைய தையல்காரர் படிவம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஆசைப்பட்டார். ஆகவே இந்த விவகாரத்தில் அவர்மேல் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்ளலாம்.

ஆசைக்குக் காரணம் அவர் மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிப்ட் நர்ஸ். காலை எட்டு மணிக்கு வீடு வந்து, இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, கட்டிலில் விழுவாள். சொல்லிவைத்தாற்போல் அதே நேரத்துக்குத்தான் தையல்காரர் மெஷினில் உட்காருவார். வீடு இருப்பதோ ஒன்றரை அறை. மெஷின் மோட்டார் வைத்தது. அது ஓட ஆரம்பித்தால் கட்டிலின் நாலு காலும் கூடவே ஓடப் பார்க்கும்.

ஆறு மாதமாக அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. போன வாரம் நோயாளி வாயில் வைக்க வேண்டிய தெர்மாமீட்டரை, அவரைப் பார்க்க வந்திருந்த மாமனார் வாயில் வைத்துவிட்டாள். 'காய்ச்சல் இல்லை' என்று எழுதியும் விட்டாள். தலைமை நர்ஸ் கூப்பிட்டனுப்பினாள். "அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். இன்னொரு தடவை இப்படி நடந்துச்சுன்னா நீ வேலைக்கு வரவே வேணாம். வீட்லயே தூங்கிக்கோ." வீட்டில் தூங்க முடிந்தால் அவளுக்கு ஏன் இந்தக் கதி?

தையல்காரருக்கு மனசு கேட்கவில்லை. பெண்டாட்டிமேல் அவருக்கு உயிர். தோட்டத்துக் கடைசியில், வீட்டிலிருந்து நாற்பதடி தள்ளி, ஓட்டை உடைசல் போட்டுவைத்த கொட்டகை ஒன்று இருந்தது. மெஷினை அங்கே கொண்டுபோய்விட்டால் அவள் நிம்மதியாகத் தூங்குவாள். மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும், இஸ்திரி போடக் கரண்டும் தண்ணீரும் வேண்டும், அவசரக்காரர்கள் கூப்பிட டெலிபோன் வேண்டும். மூன்றையும் மண்ணுக்கடியில் கொண்டுபோய்விடலாம்.

இந்தத் திட்டத்தை அவர் மெஷினை ஓட்டிக்கொண்டே கத்திச் சொன்னார். அவள் எழுந்து உட்கார்ந்து, கட்டிலைத் தட்டி, ஜன்னல் பக்கம் கை காட்டி, நீளமாக ஏதோ பதில் சொன்னாள். மெஷின் சத்தத்தில் இவர் காதில் ஒன்றும் விழவில்லை. "ஆமாமா, சீக்கிரமே முடிச்சிடுறேன்" என்று தலையாட்டினார். அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்துவிட்டு, தலையணையைக் காதுமேல் அழுத்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

மனைவியின் தம்பி எலக்ட்ரீஷியன். வெளியே ஆள் தேட வேண்டியதில்லை. தையல்காரர் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். மச்சினன் வெட்டினான். ஆழம் இரண்டடி என்பது விதி. இவரோ டேப்பை உள்ளே விட்டு, "இன்னும் ஒன்றரை அங்குலம்" என்றார்.

"ரெண்டடி போதும் மாமா. இந்த ஒன்றரை எதுக்கு?"

"உள்ள கொஞ்சம் விட்டுவைக்கணும் மாப்ளே. நாளைக்குப் பெருத்தா பிரிச்சுவிட வேணாமா?"

"பள்ளம் எப்படி மாமா பெருக்கும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி நீயும் இப்படித்தான் கேட்ட. அதுக்கப்புறம் உன் பேன்ட்டை நான் எத்தனை தடவை பிரிச்சிருக்கேன்?"

மச்சினன் பேன்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு அந்த ஒன்றரை அங்குலத்தையும் வெட்டினான். ஒரு ஓரமாக வயர், நன்றாகத் தள்ளித் தண்ணீர்க் குழாய், எதிலும் ஒட்டாமல் டெலிபோன் கம்பி என்று படுக்கவைத்து மண்ணைத் தள்ளி மூடினார்கள். அழகாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் நிலத்தடி இணைப்புகள் பிரிவின் ஆய்வாளர் வந்தார். அவர் பார்த்து எழுதினால்தான் கரண்ட் விடுவார்கள். கையில் கோப்பு, சட்டைப்பையில் மூன்று பேனா. அதில் ஒன்று எழுதும்.

"எங்கே இணைப்பு?"

"மண்ணுக்கடியில இருக்கு சார்."

"எனக்குத் தெரியலையே."

"மண்ணுக்கடியில இருக்கு சார்."

"பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதச் சொல்றீங்களா? முப்பது வருஷ சர்வீஸ்ல நான் ஒரு பொய் எழுதினதில்ல. தோண்டிக் காட்டுங்க."

நியாயம்தானே? தோண்டினார்கள். இரண்டு நாள் ஆயிற்று. மறுவாரம் வந்த ஆய்வாளர் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். பாம்பைப் பார்த்தவர்போல இரண்டடி பின்னால் போனார்.

"என்னங்க இது, திறந்து கிடக்கு?"

"நீங்கதானே சார் தோண்டச் சொன்னீங்க!"

"சொன்னேன். ஆனா நான் நிலத்தடிப் பிரிவு. மேல மண் இருந்தாத்தான் நிலத்தடி. இது வானத்தைப் பார்த்துக்கிட்டுல்ல இருக்கு? இதுக்குத் திறந்தவெளிப் பிரிவுன்னு தனியா இருக்கு. அவங்க எல்லையில நான் மூக்கை நுழைக்கக் கூடாது."

"அப்ப மூடிடட்டுமா சார்?"

"மூடினாத்தான் எனக்கு அதிகாரமே வருது."

"மூடினா உங்களுக்குத் தெரியாதே சார்?"

"தெரிஞ்சாத்தானே நான் எழுத முடியும்?"

தையல்காரர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் மண்வெட்டியைப் பார்த்தான்.

மூடினார்கள், தோண்டினார்கள், மறுபடி மூடினார்கள். ஆய்வாளரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. பாவம், அவரும் ஒவ்வொரு தடவையும் வெயிலில் வந்து நின்று உண்மையான வருத்தத்தோடுதான் திரும்பிப் போனார். ஆனால் வீட்டுக்குள்ளே மெஷின் சத்தத்தோடு இப்போது மண்வெட்டிச் சத்தமும் சேர்ந்துகொண்டது. ஒருநாள் காலை, வேலை முடிந்து வந்த மனைவி கேட் மாறிப்போய், பக்கத்து மாடி வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் சோபாவில் படுத்துவிட்டாள். அந்த வீட்டம்மாவுக்கு எழுப்ப மனசு வரவில்லையாம். மாசக் கடைசிக்குப் பதினெட்டு நாள்தான் பாக்கி.

அன்று தையல்காரர் ஒரு பைக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தார். இழுத்தார், திறந்தது. இழுத்தார், மூடியது. அப்படியே எழுந்து ஆய்வாளரின் அலுவலகத்துக்கு ஓடினார்.

"சார், மூடியும் இருக்கணும், வேணும்போது திறக்கவும் வேணும். அவ்வளவுதானே?"

"அப்படி ஒன்னு உலகத்துலயே கிடையாதுங்க."

"உங்க பேன்ட்லயே இருக்கு சார்."

ஆய்வாளர் திடுக்கிட்டுக் குனிந்து சரிபார்த்துக்கொண்டார்.

கடைசியாக ஒரு தடவை தோண்டிவிட்டு, பள்ளத்துக்குமேல் தடித்த தார்ப்பாயில் நாற்பதடி நீளத்துக்கு மூடி. ஓரமெல்லாம் இரட்டைத் தையல், நடுவில் நாற்பதடி ஜிப். நிலத்தடி என்றால் மண் வேண்டுமே என்று மேலே பசை தடவி மண்ணையும் தூவி ஒட்டினார் தையல்காரர். ஆய்வாளர் ஜிப்பை இழுக்கும் ரன்னரைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நாற்பதடி நடந்தார். திறந்தது. பார்த்தார். திரும்பி நடந்தார். மூடியது. அதிகாரம் வந்தது. மூன்று தடவை போய்ப் போய் வந்தார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முப்பது வருஷத்துல முதல் தடவையா நான் என்ன வேலை பார்க்குறேன்னு எனக்கே தெரியுதுங்க" என்றார்.

அனுமதி உடனே வந்ததா? அது எப்படி வரும்? 'இழுத்துத் திறக்கவல்ல நிலத்தடி மூடுதிட்டம்' என்று அறிக்கை மேலே போனது. மேலேயிருந்து ஏழு பேர் குழுவாக வந்து ஆளுக்கொரு தடவை இழுத்துப் பார்த்தார்கள். தெருவே வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது. மறுநாள் மாடி வீட்டம்மா வந்தாள்.

"எங்க தோட்டத்துக்கும் ஒன்னு போட்டுக் குடுங்க. மெரூன் கலர். உள்ள லைனிங் இருக்கட்டும்."

"உங்க தோட்டத்துல கொட்டகையே இல்லையேம்மா? வயர் எங்கே போகும்?"

"வயர் யாருக்கு வேணும்? ஜிப் இருந்தாப் போதும்."

மாடி வீட்டில் விருந்தாளிகள் வந்தால் முதலில் ஜிப்பை இழுக்கச் சொன்னார்கள், அப்புறம்தான் காப்பி. அதைப் பார்த்து எதிர்வீடு இரண்டு ஜிப் போட்டது, ஒன்று குறுக்கே. தோட்டமே இல்லாதவர்கள் மொட்டைமாடியில் போட்டுக்கொண்டார்கள். பத்து நாளுக்குள் ஜிப் இல்லாத வீட்டை ஆட்கள் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அத்தனையும் தைத்தவர் யார்? நம்மவர்தான். விடிந்ததும் மெஷினில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருப்பதில்லை. அனுமதி வராததால் மெஷின் இன்னும் வீட்டுக்குள்தான். மனைவி தூங்குவதற்காகப் பிறந்த ஜிப், அவளுக்கு இருந்த அரைத் தூக்கத்தையும் பிடுங்கிக்கொண்டது. அவருக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் குழுவில் வந்த ஒரு பெரிய மனிதர் அவரை 'நிபுணர்' என்று அழைத்திருந்தார். நிபுணர் ஆனபின் மெஷினை நிறுத்த யாருக்குத்தான் மனசு வரும்?

மாசக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது, நூல் தீர்ந்து தலை நிமிர்ந்தவர் அறையைப் பார்த்தார். மனைவியைக் காணோம். கட்டிலையும் காணோம்.

அவருக்குப் பகீரென்றது. கோபித்துக்கொண்டு போகிறவர்கள் பெட்டியோடு போவார்கள். கட்டிலோடு போனால் திரும்பி வருகிற எண்ணமே இல்லை என்றல்லவா அர்த்தம்? "ஐயோ, போயிட்டாளே!" என்று வாய்விட்டு அழுதுகொண்டே தோட்டத்துக்கு ஓடினார். கொட்டகை வாசலில் மச்சினன் உட்கார்ந்திருந்தான்.

"ஷ்ஷ்! மெதுவா மாமா."

கதவிடுக்கில் பார்த்தார். கரண்ட் வராத கொட்டகை, உள்ளே கும்மிருட்டு. நடுவில் கட்டில். கட்டிலில் மனைவி, வாயை லேசாகத் திறந்து, குழந்தைபோலத் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுச் சத்தம் எதுவும் இங்கே வரவில்லை.

"அக்காதான் கூப்பிட்டுச்சு. ரெண்டு பேரும் தூக்கிட்டு வந்தோம். பத்து நிமிஷ வேலை" என்றான் மச்சினன்.

தையல்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் சத்தமில்லாமல் செய்தார். அன்று அவள் ஒன்பது மணி நேரம் தூங்கினாள். மறுநாளும் தூங்கினாள். மாசக் கடைசி வந்தது, தெர்மாமீட்டர் போக வேண்டிய வாய்க்குப் போனது, வேலை தப்பியது.

அதற்கு மறுநாள் சாயங்காலம் ஆய்வாளர் அனுமதி ஆணையோடு வந்தார். முகமெல்லாம் பல். வேலிக்கு அந்தப்பக்கம் மாடி வீட்டம்மாவும் வந்து நின்றாள்.

"எல்லாருக்கும் அனுமதி ஆயிடுச்சு. ஒரே ஒரு நிபந்தனை. பாதுகாப்பை முன்னிட்டு, ஜிப்புகள் அனைத்தின்மேலும் இரண்டடி மண் போட்டு மூட வேண்டும்."

"மண்ணைப் போட்டா ஜிப் தெரியாதே?" என்றாள் மாடி வீட்டம்மா.

"நான் வரும்போது தோண்டிக் காட்டுங்க" என்றார் ஆய்வாளர். பிறகு கொட்டகைக் கதவைத் தள்ளினார். கட்டிலைப் பார்த்தார். "மெஷின் எங்கே?"

"வீட்டுக்குள்ள சார்."

"அங்கே கரண்ட்?"

"அங்கே எப்பவும் இருக்கே சார்."

ஆய்வாளர் ஆணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல்காரருக்கு அடக்கமாட்டாமல் கோபம் வந்தது. "ஏன் சார், இத்தனை தடவை வந்தீங்களே! மெஷினை விட்டுத்தள்ளு, கட்டிலை மாத்துன்னு முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"படிவத்துல கட்டில்னு ஒரு கட்டமே கிடையாதுங்களே."

பேச்சுச் சத்தத்தில் கட்டிலில் அசைவு தெரிந்தது. மனைவி எழுந்து உட்கார்ந்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் கண் இரண்டும் தெளிவாக இருந்தன.

"முதல் நாளே நான் சொன்னேன்" என்றாள்.

"யார்கிட்ட?"

"உங்ககிட்டத்தான். ஆமாமா, சீக்கிரமே முடிச்சிடுறேன்னு தலையாட்டினீங்க."