துப்பாக்கிக்குச் சந்தனப் பொட்டு

ஹூஸ்டன், டெக்ஸஸ்
20 நவம்பர் 1986

மகாராஜராஜஸ்ரீ மாமா அவர்களுக்கு மாப்பிள்ளை ராமபத்ரன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், ஷ்யாமளா, குழந்தை மீனாக்ஷி, ஒரு துப்பாக்கி ஆக நால்வரும் க்ஷேமம். அவ்விடம் உங்கள் க்ஷேமத்துக்கும், மாமியின் முழங்கால் க்ஷேமத்துக்கும், என்மேல் நீங்கள் வைத்திருந்த மதிப்பில் ஏதாவது மிச்சமிருந்தால் அதன் க்ஷேமத்துக்கும் சேர்த்து எழுதவும்.

முதலில் வெட்கக்கேடான ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெண் பார்க்க வந்த அன்று, நான் என்.சி.சி.யில் துப்பாக்கி சுட்டுப் பரிசு வாங்கியவன் என்று என் அப்பா உங்களிடம் சொன்னார். நீங்களும் சொஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டு "பேஷ்" என்றீர்கள். அது பொய். கும்பகோணம் காலேஜில் நான் என்.சி.சி.யில் சேர்ந்தது பரேடு முடிந்ததும் கொடுக்கிற பூரி கிழங்குக்காக. மூன்று வருஷத்தில் ஒரே ஒரு நாள் பாயிண்ட் டூ டூ ரைஃபிள் ஒன்றைக் கையில் கொடுத்து, ஐந்து தோட்டாவையும் கொடுத்து, குப்புறப் படுக்கச் சொன்னார்கள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஐந்தையும் சுட்டேன். என் அட்டையில் ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் படுத்திருந்த பிச்சுமணியின் அட்டையில் எட்டு ஓட்டை இருந்தது. ஐந்து தோட்டாவில் எட்டு ஓட்டை போட்ட மகாவீரன் என்று அவனுக்கு மெடல் கொடுத்தார்கள். அதில் மூன்று ஓட்டை என்னுடையது என்பதால் அப்பா சொன்னது முழுப் பொய் இல்லை.

பதினேழு வருஷம் கழித்து இதை இப்போது எதற்குச் சொல்கிறேன் என்றால், நாகலக்ஷ்மி உங்களிடம் காட்டிய போட்டோவால். இங்கே ஹில்கிராஃப்ட் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறாளே அவளேதான். அவள் கடையில் துவரம் பருப்பு தீர்ந்துபோகும், செய்தி தீர்ந்துபோகாது. பக்கத்துக் கடையில் நாங்கள் கழுவக் கொடுத்திருந்த ஃபிலிம் சுருளை "நான் வாங்கி வைக்கறேன்" என்று ஷ்யாமளாவிடம் சொல்லி வாங்கி, தனக்கு ஒரு காப்பி போட்டுக்கொண்டு, தீபாவளிக்கு மெட்ராஸ் வந்தவள் ஏர்போர்ட்டிலிருந்து நேரே மாம்பலத்துக்கு உங்கள் வீட்டு வாசலில்தான் இறங்கியிருக்கிறாள் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. "எட்டு வெள்ளைக்காரர்கள், தலையில் தொப்பி, நெற்றியில் குங்குமம், கையில் துப்பாக்கி, காலில் செருப்பில்லாமல் குதிக்கிறார்கள். நடுவில் என் பெண் குங்குமச் சிமிழுடன் நிற்கிறாள். மாப்பிள்ளை ஓரமாக இளிக்கிறார். இது என்ன கூட்டம்? உடனே விவரம்" என்று எழுதியிருந்தீர்கள். ரிடையர் ஆகியும் தாசில்தார் தாசில்தார்தான். விவரம் பின்வருமாறு.

எண்ணெய் விலை விழுந்ததிலிருந்து இந்த ஊரே விழுந்து கிடக்கிறது மாமா. எங்கள் கம்பெனியில் ஆகஸ்டிலிருந்து திங்கட்கிழமைகளில் லீவு. லீவு என்பது நாங்கள் வெளியில் சொல்லிக்கொள்வது. அன்றைக்குச் சம்பளம் கிடையாது என்பது அவர்கள் எங்களிடம் சொன்னது. வேலையை விட்டு அனுப்ப ஒரு லிஸ்ட் தயாராகிறது என்று பேச்சு. என் கிரீன் கார்டு விண்ணப்பமோ கம்பெனி பேரில் நிற்கிறது. வேலை போனால் கார்டும் போச்சு, மீனாக்ஷியின் பள்ளிக்கூடமும் போச்சு, மூன்று பேரும் மூட்டை கட்டிக்கொண்டு மாம்பலத்தில் உங்கள் மாடி ரூமில்தான். உங்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். இந்த நிலைமையில்தான் என் மேலதிகாரி வேய்ன் டக்கர், ஆறடி மூன்று அங்குலம், ஒருநாள் கேன்டீனில் என் தயிர்சாதத்துக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அவருடைய பிக்கப் வண்டியின் பின் கண்ணாடியில் எப்போதும் ஒரு ரைஃபிள் தொங்கும், நம்மூர் டாக்ஸியில் எலுமிச்சம்பழம் தொங்குகிற மாதிரி. அவர் இங்கிலீஷில் கேட்டதை நம் பாஷையில் தருகிறேன்: "ஏம்ப்பா ராம், நீ எப்பவாவது துப்பாக்கி சுட்டிருக்கியா?" இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். லிஸ்ட் ஞாபகம் வந்தது. "ராணுவப் பயிற்சியில் சாம்பியன்" என்று வந்துவிட்டது. அப்பாவின் ரத்தம்.

"அப்படியா! அப்போ வர திங்கக்கிழமை நம்ம பசங்களையும் கூட்டிண்டு போலாம்" என்றார். அன்று சாயங்காலமே போய்த் துப்பாக்கி வாங்கினேன். நம்மூரில் ரேஷன் கார்டில் குழந்தை பேரைச் சேர்க்க நான் பதினோரு மாசம் நடந்தது உங்களுக்குத் தெரியும், நீங்கள் தாசில்தாராக இருந்தும். இங்கே ஒரு பெரிய கடையில் தூண்டில் முள்ளுக்கும் புல்வெட்டும் மிஷினுக்கும் நடுவில் ஒரு கவுண்டர். ஒரே ஒரு ஃபாரம். பைத்தியமா என்று கேட்டிருந்தது, இல்லை என்று எழுதினேன், நம்பிவிட்டார்கள். பன்னிரண்டு நிமிஷத்தில் துப்பாக்கியும் கையுமாக வெளியே நிற்கிறேன். ஷ்யாமளா வாசலில் பார்த்துவிட்டு, "கறிகாய் வாங்கிண்டு வரச் சொன்னா இது என்ன கண்றாவி?" என்றாள். வேலை விஷயத்தைச் சொன்னதும், "சரி, மீனா கைக்கு எட்டாம மேல வைங்கோ" என்று சொல்லிவிட்டு, மறுநாளே ஊறுகாய் ஜாடிகள் இருந்த அலமாரிக்குப் பூட்டுப் போட்டுக் கொடுத்தாள். பச்சரிசி வடாமும் பாயிண்ட் டூ டூவும் ஒன்றாகக் குடித்தனம் செய்கிற வீடு டெக்ஸஸிலேயே எங்களுடையதுதான்.

இந்தத் திங்கட்கிழமைக் கோஷ்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு மாட்டுப் பண்ணை, மண்மேடு, அதன்மேல் வரிசையாகக் காலி டின். டக்கரோடு சேர்த்து ஒன்பது பெரிய மனுஷர்கள் காலையிலிருந்து மத்தியானம் வரை அந்த டின்களைச் சுடுவார்கள். அந்த டின்கள் அவர்களுக்கு ஒரு கெடுதலும் பண்ணியதில்லை. எல்லாருடையதும் ரிம்ஃபயர் என்கிற ஜாதி. தோட்டாவின் அடிப்பக்க விளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கும். நடுவில் தட்டினால் வெடிப்பது பெரிய துப்பாக்கிகள். அவை சம்பந்தி மாதிரி: சத்தம் போடும், தோளில் உதைக்கும், செலவு வைக்கும். இது சாது. உதைக்காது, "டப்" என்று கடுகு வெடிக்கிற சத்தம்தான், தோட்டா கடலை விலை. இதெல்லாம் புரிகிறது. ஆனால் அவர்கள் அதைப் பற்றிப் பேசுகிற பேச்சு இருக்கிறதே! ஒரு நெட்டையர், ஒன்பது வயசில் அப்பா கொடுத்ததாம், முன்னும் பின்னும் இழுத்தால் தோட்டா ஏறுகிற பழைய துப்பாக்கி, அந்த இழுக்கிற சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு காதோடு வைத்துக் கேட்பார், ஆலாபனை கேட்கிற மாதிரி. அக்கவுண்ட்ஸ் குண்டர் ஒருவருடையது மார்லின் என்கிற மார்க்; மூச்சு விடாமல் பதினாலு தோட்டா சுடும். பதினாலும் மண்மேட்டில் போய்ச் சொருகும். "இருபது வருஷமா என்னைக் கைவிட்டதே இல்லை" என்று அதன் கட்டையைத் தடவுவார். வீட்டில் சம்சாரத்தை அப்படி ஒருதரம் தடவிக் கொடுத்திருந்தால் அவள் போன வருஷம் டல்லஸுக்குப் போயிருக்கமாட்டாள் என்று நெட்டையர் என் காதில் சொன்னார். இன்னொருவர் குழல், கட்டை, குறி பார்க்கிற கண்ணாடி எல்லாவற்றையும் மாற்றிவிட்டு "அதே பழைய துப்பாக்கி" என்கிறார். இஞ்சின் மாற்றி, சீட் மாற்றி, கதவு மாற்றிய அம்பாஸடரை நீங்கள் இன்னும் "தாசில்தார் ஆன வருஷம் வாங்கினது" என்கிறீர்களே, தப்பாக நினைக்காதீர்கள், அந்த மாதிரி. என்னிடமும் கேட்டார்கள், "உன் துப்பாக்கியில் உனக்கு எது பிடிக்கும்?" என்று. அது வெடிக்காமல் தடுக்கிற பூட்டு என்று உண்மையைச் சொன்னேன். பெரிய அனுபவசாலியின் பதில் என்று தலையாட்டினார்கள்.

இரண்டு மாசம் நான் மணிக்கட்டு வலி, கண் வலி, ஏகாதசி என்று ஏதேதோ சொல்லி, எல்லாரும் சேர்ந்தாற்போல் சுடும்போது கூட்டத்தோடு கூட்டமாக மண்மேட்டைப் பார்த்துச் சுட்டுத் தப்பித்தேன். அதற்கப்புறம் நவராத்திரி வந்தது. "இந்தத் தடவை போட்டி. ராம் தொடங்கி வைப்பான்" என்று டக்கர் நாள் குறித்த திங்கட்கிழமை விஜயதசமி. முந்தின நாள் சரஸ்வதி பூஜை. ஷ்யாமளா வழக்கம்போல் கார் சாவி, என் கால்குலேட்டர், ஸ்க்ரூ டிரைவர், மீனாக்ஷியின் அல்ஜீப்ரா எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, "பதினேழு வருஷமா ஆயுத பூஜைன்னு பேரைச் சொல்லிண்டு ஸ்க்ரூ டிரைவருக்குப் பொட்டு வெச்சிண்டிருக்கேன். இந்த வருஷம்தான் நிஜமா ஒரு ஆயுதம் வந்திருக்கு, எடுங்கோ" என்றாள். குழலுக்குச் சந்தனம், கட்டைக்குக் குங்குமம், நுனியில் மல்லிகை. தோட்டா போடுகிற வாயைத் திறக்கச் சொல்லி, "உள்ள இருக்கறதுதானே வேலை செய்யறது, அதுக்கு வைக்காம எப்படி?" என்று குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பினாள். மீனாக்ஷி, "அப்பா, திஸ் இஸ் ஸோ எம்பாரஸிங்" என்று ரூமுக்குப் போய்விட்டாள். சுண்டலுக்கு வந்திருந்த பேரின்பநாதன், யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் கம்பெனி டிராயிங் ஆபீஸில் இருக்கிறார், மூன்று வருஷத்துக்கு முன்னால் கொழும்பில் வீடு எரிந்து கட்டின துணியோடு கிளம்பினவர், அவர் மட்டும் துப்பாக்கிக்குக் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "அண்ணை, நாங்கள் இதுக்குப் பயந்துதான் இஞ்ச ஓடி வந்தனாங்கள். நீங்கள் காசு குடுத்து வாங்கிப் பூவும் வைக்கிறியள்" என்றார். அவருக்கு இன்னும் கொஞ்சம் சுண்டல் போட்டேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் புனர்பூஜை முடியாமல் எடுக்கக்கூடாது, ஆகையால் ராத்திரி துடைக்க வழியில்லை. விடிந்ததும் தொட்டால், "பிரசாதத்தைத் துடைக்கறதாவது!" என்கிறாள் ஷ்யாமளா. சந்தனம் வெளியே மட்டும் கர்ச்சீப்பால் ரகசியமாகத் துடைக்கப்பட்டது. உள்ளே சிமெண்ட் மாதிரி காய்ந்திருந்தது எனக்குத் தெரியாது. எலுமிச்சம்பழ சாதத்தோடு ஷ்யாமளாவும் பண்ணைக்கு வந்தாள், குங்குமச் சிமிழ் கைப்பையில். ஒன்பது பேரும் அரைவட்டமாக நிற்கிறார்கள். "சாம்பியன்!" என்று டக்கர் கை தட்டினார். குறி பார்த்தேன். விசையை இழுத்தேன். "டிக்". வெடிக்காத தோட்டா பிறகு வெடித்துத் தொலைக்கும் என்பதால் மேட்டைப் பார்த்தே அரை நிமிஷம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமாம். எல்லாரும் அசையாமல் நின்றார்கள். என் வேலைக்குத்தான் மௌன அஞ்சலி செலுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த தோட்டா, "டிக்". அடுத்தது, "டிக்". டக்கர் வாங்கித் திறந்தார். பல்குத்தும் குச்சியால் குடைந்தார். மஞ்சளாகப் பொடி கொட்டியது, கூடவே ஒரு மல்லிகை இதழ். மோந்து பார்த்தார். "ராம், இது என்னது?"

பொய் சொல்லலாம் என்றால் ஒன்றும் வரவில்லை மாமா. மல்லிகைக்கு என்ன பொய் சொல்ல முடியும்? "எங்கள் ஊரில் வருஷத்தில் ஒருநாள் ஆயுதத்தைச் சாமியாக வைத்துக் கும்பிடுவோம்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் நெட்டையர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கிறார். குண்டருக்குக் கண்ணில் ஜலம். "ஐம்பது வருஷமா சர்ச்சுக்குப் போறேன், ஒரு பாதிரியாருக்குக்கூட இது தோணலையே" என்கிறார். துப்பாக்கியைக் கும்பிடுகிறவர்கள்தான் இவர்கள் என்பது நமக்குத் தெரியும்; அதற்கு ஒரு பண்டிகையே உண்டு என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. உடனே ஒன்பது துப்பாக்கிகளும் ஷ்யாமளா முன்னால் க்யூவில் நின்றன. "எல்லாருக்கும் வைக்கறேன், ஆனா பூட்ஸைக் கழட்டச் சொல்லுங்கோ. செருப்புக் காலோட வந்தா பொட்டு கிடையாது" என்றாள். உங்கள் பெண், அதிகாரம் எங்கே போகும்? கழற்றினார்கள். டெக்ஸஸ் புல்லில் நெருப்பு எறும்பு என்று ஒன்று உண்டு, கடித்தால் கொப்புளம் கிளம்பும். நெற்றியில் பொட்டு விழுந்ததும் காலில் எறும்பு ஏறியது. அந்த சமயத்தில்தான் எறும்பில்லாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு நான் ஷ்யாமளாவின் காமிராவில் இரண்டு படம் எடுத்தேன். நான் ஓரமாக இளிக்கிற படம் குண்டர் ஒற்றைக் காலில் நின்று எடுத்தது. அது நர்த்தனம் அல்ல மாமா, எறும்பு.

போகும்போது டக்கர் என் தோளில் கை போட்டு, "ராம், உன்னை மாதிரி ஆள் நமக்கு எப்பவும் வேணும்" என்றார். இனி லிஸ்டாவது, கிஸ்டாவது. ஆகையால் மாடி ரூமைத் தாராளமாக வாடகைக்கு விடலாம். துப்பாக்கி சுடத் தெரியாதவனும் அதனால் பிழைக்கலாம் என்று உங்கள் மாப்பிள்ளை நிரூபித்துவிட்டான். நாகலக்ஷ்மியிடம் அந்தப் போட்டோவைத் திருப்பி வாங்கிக் கிழித்துவிடவும். மாமிக்கு என் நமஸ்காரம், ஷ்யாமளாவின் நமஸ்காரம், மீனாக்ஷியின் ஹாய். உங்கள் ஆசீர்வாதத்தை அட்சதையோடு கவரில் போட்டு அனுப்பினால் கஸ்டம்ஸில் சந்தேகப்படுகிறார்கள். வெறுமனே எழுதினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் விதேய மாப்பிள்ளை
ராமபத்ரன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்க நாலு நாள் ஆகிவிட்டது. அதற்குள் லிஸ்ட் வந்துவிட்டது. என் பேர் இல்லை. முதல் பேர் டக்கருடையது. மேஜையைக் காலி செய்துகொண்டே என்னிடம் சொன்னார்: "எனக்குத் துப்பாக்கியில் அவ்வளவு இஷ்டம் கிடையாது ராம், வண்டியில் தொங்குவது மச்சினனுடையது. நீ சாம்பியன் ஆச்சே, ஊரை விட்டு வந்து ஏங்கிப்போயிருப்பாய் என்றுதான் திங்கட்கிழமைதோறும் ஏற்பாடு பண்ணினேன். இல்லாவிட்டால் மீன் பிடிக்கப் போயிருப்பேன்." லிஸ்டை டைப் அடித்த அம்மாளிடம் அப்புறம் விசாரித்தேன். அது ஜூலையிலேயே தயாராகிவிட்டதாம். நான் துப்பாக்கி வாங்கியது ஆகஸ்டில்.