விருந்தும் மருந்தும் இருபத்திரண்டு நொடியும்

எந்தப் பாட்டா இருந்தாலும் வானொலியில வரணும்னா அனுமதி அலுவலகத்தோட முத்திரை வேணும். ஊரே பாடிட்டிருந்தாலும் சரி, முத்திரை இல்லேன்னா அது பாட்டு இல்ல, வெறும் சத்தம்.

அண்ணன்காரன் கிட்டாரைத் தட்டி, மூக்கால முனகி ஒரு சாஃப்ட் ராக் பாட்டு போட்டான். நடுவுல இருபத்திரண்டு நொடி தங்கச்சி பாடினா. பாட்டு ஹிட்டானதே அந்த இருபத்திரண்டு நொடியாலதான். பஸ்ல, சலூன்ல, பல் டாக்டர் நாற்காலியில வாயைப் பொளந்துக்கிட்டு கூட பாடினாங்க. காலேஜ்ல மட்டும் அது அவ குரல்னு ஒருத்தரும் நம்பல. "போடி, உன் மூஞ்சிக்கு அந்தக் குரலா?"

வானொலியில பாடினவங்க பேரைச் சொல்லுவாங்க. அது ஒண்ணு போதும் அவளுக்கு.

முத்திரைக்கு மனு போட்டாங்க. சாஃப்ட் ராக்கை அங்க மொழிபெயர்ப்புப் பிரிவு 'மென்பாறை'ன்னு மாத்த, கோப்பு கல்குவாரித் துறைக்குப் போச்சு. சுத்தியலோட ஒருத்தர் வீட்டுக்கே வந்து, கிட்டாரை ரெண்டு தட்டு தட்டி, 'வெடி வைக்கத் தேவையில்லை'ன்னு சான்று குடுத்தார். அதோட அனுமதி அலுவலக அதிகாரி முன்னாடி போய் நின்னா தங்கச்சி.

"விருந்தினர் குரல்னு போட்டிருக்கே. யாரும்மா விருந்தாளி?"

"நான்தான் சார்."

"வந்து எத்தனை நாளாச்சு?"

"பாட்டு வந்து நாப்பது நாள்."

அதிகாரி பேனாவைக் கீழ வெச்சார். "விருந்தும் மருந்தும் மூணு நாள்னு கேள்விப்பட்டதில்ல? முப்பத்தேழு நாள் கூடுதலா தங்கியிருக்கே!"

"ஐயோ, அது பழமொழி சார்!"

"இங்க அது விதி ஏழு."

"அப்ப விருந்தினரை அடிச்சிட்டு தங்கச்சின்னு எழுதுங்க. ஒரே வீட்லதான் இருக்கோம்."

"ஒரே வீடா? அப்ப விருந்தாளின்னு போட்டது பொய்த் தகவல். அது விதி எட்டு." கொஞ்சம் யோசிச்சு, கனிவா சொன்னார்: "ஏழுன்னா குரலை மட்டும் எடுப்போம். எட்டுன்னா அண்ணனையும் எடுப்போம். எது வசதி?"

பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏழுல கையெழுத்துப் போட்டா.

ஞாயித்துக்கிழமை பாட்டு வந்துச்சு. நடுவுல இருபத்திரண்டு நொடி ஒண்ணுமே இல்ல. பேரும் இல்ல.

ஊர் சும்மா இருந்துச்சா? "என்ன ஒரு மௌனம்!"னு விமர்சகர் ஒருத்தர் மூணு பக்கம் எழுதினார். ஜனம் அந்த மௌனத்தையே ரிங்டோனா வெச்சு, வந்த போனையெல்லாம் கோட்டை விட்டுச்சு. காலேஜ்ல அவளை நம்பாத அதே கூட்டம், கேன்டீன்ல கண்ணை மூடி கோரஸா வாயை மூடிக்கிட்டு இருந்துச்சு.

அண்ணனுக்குப் பாராட்டு விழா. அரங்கம் நிறைஞ்சு வழிஞ்சது. முன்வரிசையில அதிகாரி, கையில கர்சீப்போட. அண்ணன் மேடையில பாட, அந்த இடம் வந்துச்சு. கிட்டார் நின்னுச்சு. தங்கச்சிக்கு அதுக்கு மேல தாங்கல. எழுந்து, தொண்டையைத் திறந்து, தன் இருபத்திரண்டு நொடியைப் பாட ஆரம்பிச்சா.

அரங்கமே திரும்பிச்சு.

"உஷ்ஷ்! அறிவில்ல? பாட்டு போயிட்டிருக்கில்ல!"

மேடையில பார்த்தா, முதல்ல வாயில விரல் வெச்சவன் அண்ணன்தான்.