மூலையில் ஒரு முழங்கை

குறுகலான ஒழுங்கை கொழும்பின் காலி வீதியில் முட்டும் மூலையில், மண்மூட்டைகளுக்கு மேலே ஒரு பச்சை முழங்கை நீட்டிக்கொண்டிருந்தது. யன்னலில் நின்ற நாகேந்திரத்துக்கு அவ்வளவுதான் தெரிந்தது. மிச்ச ஆமிக்காரனை மூலை வீட்டு ஸைனம்புவின் மதில் மறைத்தது.

நாகேந்திரத்தின் கையில் அவனுடைய அடையாள அட்டை. சட்டையோடு சேர்த்துத் துவைத்ததில் படத்திலிருந்த முகம் கரைந்து போயிருந்தது.

"இதைக் காட்டினால் நேரே பொலிசுக்குத்தான்," என்றார் அறையை வாடகைக்குத் தந்திருந்த சரோஜினிதேவி.

"பன்னிரண்டுக்குப் பிளேன், அன்ரி."

வடக்கே பலாலியிலிருந்து இரத்மலானை விமான நிலையத்துக்கு அருந்ததி வருகிறாள். கலியாணம் முடித்த கையோடு பிரிந்தவர்கள். பிறகு சண்டையில் தரைப்பாதை பூட்டிவிட்டது. அவளுக்குச் சிங்களத்தில் ஒரு சொல்லும் தெரியாது. கொழும்பில் இவனைத் தவிர வேறு ஆளும் தெரியாது.

"தேத்தண்ணி குடிக்கவாவது போவான். பொறும்."

பொறுத்தான். முழங்கை போகவில்லை.

"நேற்றுப் பின்னேரம் துவக்கம் நிக்கிறான். இரவு மழைக்கும் அசையேல்லை, பொல்லாதவன். நீர் பின்மதிலாலை போம்."

பின்மதிலில் முள்ளுக்கம்பி. குதித்த பிறகுதான், அந்த ஒழுங்கையும் வளைந்து அதே மூலைக்கே போவது தெரிந்தது. குதித்ததில் நல்ல காற்சட்டையின் ஒரு கால் கிழிந்திருந்தது. திரும்பி ஏறியதில் மற்றக் காலும் கிழிந்தது.

சரோஜினிதேவி செத்துப்போன கணவரின் கறுப்பு வக்கீல் கோட்டைக் கொண்டுவந்தார். அதற்குள் இரண்டு நாகேந்திரம் நிற்கலாம்.

"புரக்டர் எண்டால் மறிக்க மாட்டாங்கள். கிழிசலும் மறையும்."

"மறிச்சால்?"

"வாய் திறவாதையும். வழக்கில்லாமல் புரக்டர்மார் கதைக்கிறேல்லை."

கூரைக்கு மேலால் விமானம் ஒன்று தாழ இரைந்துகொண்டு இரத்மலானைப் பக்கம் போனது.

நாகேந்திரம் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். மதில் முடியுமுன்னமே இரண்டு கைகளையும் உயர்த்தினான். விரலிடையில் முகமில்லாத அட்டை. கோட்டுக் கைகள் சரிந்து தோளில் வந்து குவிந்தன.

"மாத்தயா, மகே நோனா எயார்போட்..."

ஐயா, என்ர மனிசி எயார்போட் என்ற அளவில் அவனுடைய சிங்களம் முடிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு மூலை திரும்பினான். ஒருவரும் சுடவில்லை. ஆனால் பக்கத்தில் ஆரோ மூச்சு வாங்குவது கேட்டது.

"கையை இறக்காதீங்க, தம்பி," என்றாள் ஸைனம்பு, இடுப்பில் துணிக்கூடையோடு. "அப்படியே மூட்டை மேல கிடக்கிற அந்தப் பச்சை ரெயின்கோட்டை எடுத்துத் தாங்க. மகன் நேத்துக் காயப் போட்டது, எனக்கு எட்டுதில்ல. ஆமிக்காரங்க இந்த மூலையை விட்டுப் போய் ரெண்டு நாளாச்சே."