கடைசி எபிசோடும் பத்து நாள் பந்தயமும்

கண்ணாடிக் கடைக்காரர் செய்தது சின்னத் தப்புதான். மத்தியானம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, செல்போனை லென்ஸ் பெட்டிமேல் சாய்த்து வைத்து, அந்தத் தீவு சீரியலின் கடைசி எபிசோடைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டார்.

சின்னத் தப்பு என்று நீங்களும் நானும் சொல்லலாம். அவர் மனைவி சொல்ல மாட்டார். பரீட்சை ஹாலில் காப்பி அடிக்கிற பிள்ளைகளை இருபது வருஷமாகக் கையும் களவுமாகப் பிடிக்கிற கணக்கு டீச்சர் அவர்.

கல்யாணமான புதிதில் இருவரும் விழுந்து விழுந்து சிரித்த சீரியல் அது. கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கிய ஒரு நீதிபதி, ஒரு பாட்டு வாத்தியார், ஒரு சலூன்காரர். வாரா வாரம் தப்பிக்கத் திட்டம் போடுவார்கள். வாரா வாரம் சலூன்காரர் அதில் மண்ணைப் போடுவார். கடைசி எபிசோடு வந்த அன்று டீச்சருக்குப் பிரசவ வலி. மகள் பிறந்தாள், எபிசோடு போச்சு. இப்போது முழுசும் டிவியில் கிடைக்கிறது என்றதும், தினம் ஒன்று, சேர்ந்துதான் பார்ப்பது என்று சத்தியமே செய்திருந்தார்கள்.

சாயங்காலம் ரிமோட்டை அமுக்கிய டீச்சர் டிவியைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். மறுபடி டிவியைப் பார்த்தார். கடைக்காரர் செல்போனைச் சட்டைப் பையில் ஆழமாகத் தள்ளினார்.

"என்னம்மா, போடேன்."

"போடறேன். அதுக்கு முன்னாடி ஒரு பந்தயம். தீவுலேருந்து தப்பிப்பாங்களா, மாட்டாங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" குரல் கீச்சென்று வந்தது.

"தெரியாததாலதானே பந்தயம். தோத்தவங்க நாளைக்கே எங்க அக்கா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருக்கணும். பெயின்ட் அடிக்கிறாங்க, ஒரு ஆள் வேணுமாம்."

அக்கா வீடு என்றால் சகலை. சகலை ஜோக் கேட்டால் சிரிப்பார். அப்புறம் அது ஏன் ஜோக் என்று அரை மணி நேரம் விளக்குவார். போன தடவை கடைக்காரர் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சகலை வெளியே நாற்காலி போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மனசாட்சி உறுத்தியது. சகலை முகம் ஞாபகம் வந்ததும் அது வாயை மூடிக்கொண்டது.

"தப்பிக்க மாட்டாங்க."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா? அப்புறம் மாத்தக் கூடாது."

"மாத்த மாட்டேன்."

"சரி, நான் தப்பிப்பாங்கன்னு சொல்றேன்."

எபிசோடு ஓடியது. கடைக்காரர் பாடு பெரும்பாடு. முந்திச் சிரித்தால் மாட்டிக்கொள்வார், பிந்திச் சிரித்தாலும் மாட்டிக்கொள்வார். தூரத்தில் கப்பல் தெரிந்தபோது "அட, கப்பல்" என்றார். டீச்சர் திரும்பி அவரையே பார்த்தார்.

தீவில் நீதிபதிக்குச் சவரம் நடந்துகொண்டிருந்தது. புகை கண்ணைக் கரிக்கிறது என்று நீதிபதி முனகினார். கப்பலுக்குக் காட்ட மூட்டிய தீயில் சலூன்காரர் சோப்புத் தண்ணீரை ஊற்றி அணைத்தார். கப்பல் திரும்பிப் போயே போய்விட்டது.

டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கடைக்காரருக்கும் நிஜமாகவே சிரிப்பு வந்தது. இவளை விட்டுவிட்டுத் தனியாகப் பார்த்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"தோத்துட்டேன்" என்று டீச்சர் எழுந்து போய்ப் பெட்டியில் புடவைகளை அடுக்கினார். தோற்றவர் களையே முகத்தில் இல்லை.

"வேணும்னா நான் போகட்டுமா?" என்றார் கடைக்காரர், ஒரு பேச்சுக்கு.

"வேண்டாங்க. போனுக்கும் டிவிக்கும் ஒரே அக்கவுண்டுதானே, நீங்க கடையில பார்த்து முடிச்சதை டிவி சிவப்புக் கோடு போட்டுக் காட்டுச்சு. அதனாலதான் தைரியமா பந்தயம் கட்டினேன்."

"தெரிஞ்சே தோத்தியா? பத்து நாள் உங்க அத்தான் பேச்சை எப்படித் தாங்குவே?"

"அங்க யாரு இருக்கா? அவருக்குப் பெயின்ட் வாசனை ஆகாது. வீட்டைப் பார்த்துக்கத்தான் ஆள் கேட்டாங்க. அக்காவும் அவரும் நாளைக்குக் காலையில இங்க வந்துடுவாங்க." டீச்சர் பெட்டியை மூடினார். "இந்த சீரியலை முதல்லேருந்து உங்களோட உட்கார்ந்து பார்க்கணுமாம் அவருக்கு."